வானம் வெளுத்து பனி புடிச்சாச்சு, ஆனா மழை இன்னும் போகலைங்க

இந்த வருசமும் அதே பேச்சு ஆரம்பிச்சிருச்சுங்க. கார்த்திகைல ஒரு மழை பேஞ்சு ஓஞ்சு, வானம் பளிச்சுனு வெளுத்து, வெள்ளன எந்திரிக்கறப்ப போர்வைய விட்டு கைய வெளிய நீட்ட முடியாத குளுரு புடிச்சா போதும், டீக்கடைல இருந்து எங்க மகளிர் குழு கூட்டம் வரைக்கும் எல்லாரும் ஒண்ணே சொல்றாங்க, "பனி உழுக ஆரம்பிச்சிருச்சு, இனி மழை எங்க வருது"ன்னு. அந்த ஒரு பேச்ச எப்படியாவது மாத்தோணும்னுதான் இத எழுதறேன். பனி புடிச்சு வானம் தெளிவா இருக்கற இந்த நாளுங்கதான் அடுத்த மழைக்கு நாம வேலை செய்யற நாளு, வேற நாளு நமக்கு கெடைக்காதுங்க.

நான் மேட்டுப்பாளையத்துல ஒரு காய்கறி மண்டில கணக்கு எழுதறேன். உருளைக்கெழங்கு, கேரட், பீட்ரூட், பூண்டுன்னு மலைல வெளையறது ராவோட ராவா எறங்கி வர்ற ஊருங்கறதால மலைல என்ன நடக்குதுன்னு டிவில வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்கு போன்ல வந்துரும். "அக்கா, உருளைச்செடி பூராம் கருகிப்போச்சு, இந்த வாரம் லோடு கம்மிதான்"னு ஒருத்தர் சொன்னாங்கன்னா அன்னிக்கு மேல உறைபனி. வீடு சிறுமுகை பக்கம், ரோட்ட விட்டு உள்ள தள்ளி, ஊருக்கு ஒரு பக்கம் பவானி ஆறு, இன்னொரு பக்கம் மலைல இருந்து எறங்கற பள்ளம் (ஓடைய நாங்க பள்ளம்னுதான் சொல்லுவோம்). அதனால மேல குளுருனாலும் எங்களுக்கு சேதி, மேல மழை பேஞ்சாலும் எங்களுக்கு சேதி.

மொதல்ல அந்த பனி எப்படி வருதுன்னு கொஞ்சம் சொல்லிர்றேன், ஏனுன்னா அதுல இருந்துதான் மழை விசயமும் புரியும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துல இருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி சுமார் 2240 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேல போனா ஏறக்கொறைய 6.5 டிகிரி குளுரும், அப்ப இங்க ராவுல 17 டிகிரி இருந்தா அங்க 5 கிட்ட நிக்கும். பேப்பர்ல "ஊட்டில 4 டிகிரி"ன்னு போட்டிருக்கு, 0 இல்லையே அப்பறம் எப்படிங்க உறையுதுன்னு மண்டில ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி அது. அந்த 4 டிகிரி தரைல இருந்து நாலடி ஒசரத்துல பெட்டிக்குள்ள வெச்ச வெப்பமானில எடுக்கறது. மேகம் இல்லாத, காத்து அசையாத ராத்திரில தரை தன்னோட சூட்ட நேரா வானத்துக்கு விட்டுரும், அதனால புல்லு மட்டத்துல அதவிட நாலஞ்சு டிகிரி எறங்கிரும். குளுந்த காத்து கனமானது, அது பள்ளமான எடத்துலதான் போய் தேங்கும். அதனாலதான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம்னு பள்ளத்துலயே வெள்ளையா பூக்குது, மேட்டுல இருக்கற தோட்டம் தப்பிச்சிருது. தேயிலைக்காரங்க செடி மேல தழை பரப்பி மூடறதும், வெள்ளன ஸ்பிரிங்ளர்ல தண்ணி அடிக்கறதும் இதுக்கோசரந்தான்.

இப்ப கவனிங்க, பனிக்கு வேண்டியது தெளிஞ்ச வானம். மேகம் வந்தா பனி இல்லை. வங்காள விரிகுடால ஒரு காத்தழுத்தம் போயி இன்னொண்ணு உருவாகறதுக்கு நடுவுல ஒரு இடைவெளி கெடைக்கும், அந்த இடைவெளிலதான் வடக்கத்தி காத்து காஞ்சு அடிச்சு வானம் வெளுத்து குளுரு எறங்குது. நாம அந்த இடைவெளியப் பாத்து பருவம் முடிஞ்சுதுன்னு நெனைச்சுக்கறோம். அப்பறம் ஒரு நாள் பொழுதோட கெழக்க மேகம் கட்டும், அன்னிக்கு ராவு குளுரு கொறஞ்சு போகும், "அப்பாடா, கூதல் விட்டுருச்சு"ன்னு சொல்லுவோம். அந்த கூதல் விட்டதுதாங்க அடையாளம். எங்க அம்மிச்சி குளுரு திடீர்னு வெலகுனா விறகு எடுத்து உள்ள போடச் சொல்லும், காரணம் அதுக்குத் தெரியாது, ஆனா சொன்னது சரி.

மார்கழில மழையான்னு கேக்கறவங்களுக்கு: 2023 டிசம்பர் 17, மார்கழி பொறந்த அன்னிக்கு ஆரம்பிச்ச மழைதான் தூத்துக்குடி, திருநெல்வேலிய முக்குனது, காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பேஞ்சுது. அது தெக்க, நமக்கு என்னன்னு சொன்னா, 2024 நவம்பர் 30 ராவு ஃபெஞ்சல் புயல் கரை தாண்டுனது புதுச்சேரி பக்கம், ஆனா டிசம்பர் பொறந்ததும் 50 சென்டிமீட்டர் கொட்டுனது கடலுக்கும் தனக்கும் சம்மந்தமே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைல. 2021 ஜனவரில தை பொங்கல் சமயத்துல டெல்டா பூராம் அறுப்புக்கு நின்ன நெல்லு தண்ணில சாஞ்சுது. நம்ம மலையே எடுத்துக்கங்க, 2009 நவம்பர்ல கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர், நீலகிரில மண்சரிவுல 40 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்த வாரம் மண்டிக்கு லோடு வரலைன்னு யாரும் பேசிக்கலை, எந்த ஊருல யாருக்கு சொந்தம் இருக்குன்னுதான் விசாரிச்சுட்டு இருந்தாங்க.

குளுருக்கு அப்பறம் வர்ற மழை ஏன் எச்சு ஆபத்துன்னா, ஒண்ணு மண்ணு. வெயில் காலத்துல ஒரு மழை பேஞ்சா ரெண்டு நாள்ல காஞ்சுரும். குளுருல காயாது. கார்த்திகை மழைல ஊறுன மண்ணு மார்கழில பாத்தாலும் உள்ள ஈரமாத்தான் இருக்கும், மேல மட்டும் பொடி பறக்கும். ஏற்கனவே நனைஞ்ச சாக்கு மாதிரி, இன்னொரு குடம் ஊத்துனா ஒரு சொட்டு கூட புடிக்காது, பூராம் வெளியதான் வரும். மலைல இன்னொண்ணும் நடக்குது. ஈரமண்ணுக்குள்ள இருக்கற தண்ணி உறையறப்ப சுமார் 9 சதவீதம் விரியும், மேல்மண்ணத் தூக்கி விடும், பகல்ல உருகி எறங்கும், மறுபடியும் ராவுல தூக்கும். புல்லும் கருகிப் போயிருக்கும், புடிச்சு வெக்க வேரும் இல்லை. அதுக்கு மேல ஒரு பெருமழை உழுந்தா சரிவுல இருக்கற மேல்மண்ணு அப்படியே ஓடை வழியா கீழ வரும், கீழ இருக்கறது நாமதான்.

சரி, என்ன செய்யறது. நெறைய செய்யலாம், ஆனா எதுல ஆரம்பிக்கோணும்னு என்ன கேட்டா நான் சுவத்துல இருந்துன்னுதான் சொல்லுவேன்.

2019 டிசம்பர் 2, விடியக்காலம், மேட்டுப்பாளையம் நடூர்ல 17 பேரு செத்தாங்க. ஆத்து வெள்ளம் அடிச்சுட்டு போகலை, மலை சரியலை. மழைல ஊறுன ஒரு ஒசரமான கருங்கல் சுவரு பக்கத்துல இருந்த ஓட்டு வீடுங்க மேல சாஞ்சுது, உள்ள தூங்கிட்டு இருந்தவங்க எந்திரிக்கவே இல்லை. பட்டியலின மக்கள் குடியிருப்பு அது. சுவர பாத்து பயமா இருக்குதுன்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டு இருந்தாங்கன்னு அப்பவே பேப்பர்ல வந்துச்சு. நான் இத படிக்கற ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கறது ஒண்ணுதான், உங்க ஊருல பள்ளத்து ஓரத்துலயும் அடுத்தவங்க சுவத்து ஓரத்துலயும் யாரு குடியிருக்காங்கன்னு பாருங்க, எல்லா ஊருலயும் பதில் ஒரே மாதிரித்தான் இருக்கும். மேட்டு நெலம் யாருக்குப் போச்சு, பள்ளம் யாருக்குப் போச்சுங்கறது நேத்து நடந்தது இல்லை. அதனால தயாரிப்பு கூட்டத்த கோயில் மண்டபத்துல போட்டு மேல்வீதிக்காரங்க மட்டும் பேசிட்டு கலைஞ்சா அது தயாரிப்பே இல்லைங்க. எங்க ஊருல இந்த தடவை கூட்டத்த காலனிக்குள்ள அங்கன்வாடி வாசல்ல போட்டோம். வந்தவங்க பாதிதான், ஆனா எந்த சுவரு எங்க வெடிச்சிருக்குன்னு அங்கதான் சொன்னாங்க, வேற எங்கயும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

சுவத்துல என்ன பாக்கறதுன்னா, நடுவுல வயிறு தள்ளிட்டு இருக்கா, கோணல் வெடிப்பு இருக்கா, அடில சேறு கலந்த தண்ணி கசியுதா, பின்னாடி மண்ணு நெரப்பியிருக்கா. கட்டுன சுவருக்குப் பின்னாடி தண்ணி பத்தடி ஒசரத்துக்கு தேங்குனா அடில ஒரு சதுர மீட்டருக்கு 3 டன் தள்ளும், மண்ணோட எடை இல்லாம தண்ணி மட்டும். அதுக்குத்தான் மண்ணு அணைச்ச சுவத்துல தண்ணி வெளியேற கீழ இருந்து வரிசையா ஓட்டை விடறது. நெறைய சுவத்துல ஓட்டையே விடாம பூசிருக்காங்க, இருக்கற ஓட்டையும் செடி மொளைச்சு அடைச்சுக்கெடக்குது. ஓட்டை அடைப்ப எடுத்து விடறதுக்கு ஒரு கம்பியும் ஒரு ஞாயித்துக்கெழமையும் போதும். ஆனா வயிறு தள்ளுன சுவத்துல நாம கை வெக்கக் கூடாதுங்க, அதுக்கு இஞ்சினியர் வந்து பாக்கோணும், வி.ஏ.ஓ.கிட்ட எழுதிக் குடுத்து நகல்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோணும். அதுவரைக்கும் மழை பேயற ராத்திரி அந்த சுவரு எவ்வளவு ஒசரமோ அதுக்கு மேல தள்ளித்தான் படுக்கோணும். வீட்டுக்குள்ளயே அவ்வளவு தள்ள எடமில்லைன்னா அன்னிக்கு ராவு பள்ளிக்கூடம்தான்.

பள்ளிக்கூடம்னதும் சாவி ஞாபகம் வருது. ராத்திரி பதினோரு மணிக்கு மழைல நின்னுட்டு சாவி யாருகிட்டன்னு தேடறது கொடுமை. சாவி ஒண்ணு தலைமை ஆசிரியர்கிட்ட இருந்தா இன்னொண்ணு பள்ளிக்கூடத்துக்கு நூறடில குடியிருக்கறவங்ககிட்ட இருக்கோணும், அவங்க பேரு எல்லாருக்கும் தெரியோணும். கக்கூசுக்கு தண்ணி இருக்கா, லைட்டு எரியுதா, பொம்பளைங்க படுக்க தனி ரூம் இருக்கான்னு இப்பவே பாத்துரோணும். பொம்பளைங்க வீட்ட விட்டு வர மாட்டேங்கறதுக்கு பாதி காரணம் இதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க.

அடுத்தது நோட்டு. ஊருல யாரு தானா எந்திரிச்சு நடக்க முடியாதவங்க, யாரு தனியா இருக்கறவங்க, யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இன்சுலின், யாரு எட்டு ஒம்பது மாசம்னு ஒரு நோட்டுல எழுதி, ஒவ்வொரு பேருக்கும் நேரா "இவங்கள கூட்டிட்டு வர்றது இன்னார்"னு இன்னொரு பேரு எழுதோணும். இந்த ரெண்டாவது பேருதான் முக்கியம். "எல்லாரும் பாத்துக்கலாம்"னு விட்டா ராத்திரி யாரும் பாக்க மாட்டாங்க, மனசு கெட்டவங்கன்னு இல்லை, ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க போயிருப்பாங்கன்னு நெனைச்சுக்குவாங்க. நோட்டு எழுத எங்களுக்கு ஒத்தாசையா இருந்தது கிராம சுகாதார செவிலியரும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா பிரஷர் மாத்திரை சுகர் மாத்திரை குடுக்கறவங்களும்தான். எந்த வீட்டுல யாரு படுக்கைல இருக்காங்கன்னு அவங்களுக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரியுது. நாள் நெருங்குன கர்ப்பிணிங்கள மழைக்கு முன்னாடியே டவுன்ல ஒறம்பரை வீட்டுக்கு தாட்டி விட்டுர்றது நல்லது, தரைப்பாலம் முழுகுன பின்னாடி 108 வந்தாலும் அக்கட்டயேதான் நிக்கும்.

எங்க பக்கம் மில்லுலயும் தோட்டத்துலயும் வடமாநிலத்து ஆளுங்க நெறைய. அவங்க நோட்டுல பெரும்பாலும் இருக்கறதே இல்லை. தகர ஷெட்டுல பத்து பேரு படுத்திருப்பாங்க, ஊரு மைக்ல சொல்றது ஒண்ணும் புரியாது. ரெண்டு மூணு வருசமா இருக்கற பையன் ஒருத்தன் நல்லா தமிழ் பேசறான், அவன் போன்ல இந்தில பேசி ரெக்கார்டு பண்ணிக் குடுத்தத ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்னு வெச்சிருக்கோம். அவங்க விசயத்துல எனக்கு பெரிய பயம் இன்னொண்ணு, கரி அடுப்பு. குளுருக்கு ஷெட்டுக்குள்ளயோ லைன் வீட்டுக்குள்ளயோ அடுப்புக்கரி மூட்டிட்டு கதவு ஜன்னல சாத்திட்டு தூங்கறாங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இப்படி தூங்கி எந்திரிக்காம போனவங்க சேதி அடிக்கடி வருது. கரி எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை நெறமும் இல்லை, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல பலமா ரத்தத்துல ஒட்டிக்கும், தலைவலி மயக்கம்னு தெரியறதுக்குள்ள எந்திரிக்க தெம்பு இருக்காது. வெளிய அனல் காஞ்சுட்டு, நெருப்ப வெளியவே விட்டுட்டு உள்ள வந்து படுக்கோணும், "கொஞ்சூண்டு கங்குதான"ங்கறது கூட வேண்டாம். மழைல கரண்டு போயி ஜெனரேட்டர் வெக்கறவங்களும் அத வராண்டாவுல வெக்காம வெட்டவெளில தள்ளி வெக்கோணும், அதுலயும் இதே வாயுதான்.

மழை நேரத்து குளுரு பத்தி யாரும் பேசறதில்லை, அது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துது. நம்ம ஊரு என்ன காஷ்மீரா, 17 டிகிரில யாரு விறைப்பாங்கன்னு கேக்கறாங்க. நனையாத வரைக்கும் சரிதான். தண்ணி காத்த விட சுமார் 25 மடங்கு வேகமா ஒடம்பு சூட்ட இழுக்கும். எழுபது வயசு பெரியவரு நனைஞ்ச வேட்டியோட, மண்டபத்து சிமெண்ட் தரைல, ஊதக்காத்துல ராவு பூராம் உக்காந்திருந்தா ஒடம்பு 35 டிகிரிக்கு கீழ எறங்கறதுக்கு ஊட்டிக்கு போக வேண்டியதில்லை. மொதல்ல நடுங்கும், அப்பறம் பேச்சு கொழறும், கேட்டதுக்கு சம்மந்தமில்லாம பதில் சொல்லுவாங்க, அப்பறம் நடுக்கம் நின்னுரும். நடுக்கம் நின்னா சரியாயிருச்சுன்னு விட்டுராதீங்க, அதுதான் ரொம்ப ஆபத்தான கட்டம், உடனே 108. அதுக்கு முன்னாடியே ஈரத்துணிய கழட்டி, காஞ்ச துணில மொதல்ல நெஞ்சையும் வயித்தையும் சுத்தி, தலைக்கு துண்டு கட்டி, நெனைவு நல்லா இருந்தா சூடா இனிப்பா ஏதாவது குடிக்கக் குடுக்கோணும். கையக் கால பரபரன்னு தேய்க்கறது, நெருப்புக்கு கிட்ட கொண்டு போறது, "ஒரு வாய் ஊத்துனா சூடாயிரும்"னு சாராயம் குடுக்கறது மூணும் கூடாது.

அதனால மழைக்கு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பை கட்டி வெக்கச் சொன்னோம்னா, அதுல ஆதார் கார்டு, ரேசன் கார்டு, பட்டா நகலுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு செட்டு காஞ்ச துணி, தடிச்ச பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டுனது. போர்வைய எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கறாங்க, கீழ விரிக்கறத மறந்துர்றாங்க. சிமெண்ட் தரை கீழ இருந்து சூட்ட உறிஞ்சும், மேல ரெண்டு கம்பளி போத்துனாலும் ஆகாது. பவானி ஜமுக்காளம் எதுக்கு இருக்குதுங்க, எங்க குழுவுல ஆளாளுக்கு வீட்டுல அட்டாலில கெடந்த பழைய ஜமுக்காளத்த எடுத்து தொவைச்சு வெயில்ல போட்டு பள்ளிக்கூடத்து பீரோல வெச்சிருக்கோம், கண்ணாலத்துக்கு எடுத்து மறுபடி கொண்டு வந்து வெக்கோணும்ங்கற கண்டிசனோட. திருப்பூர் பனியன் கட்பீஸ் மூட்டை வெலை கம்மி, அத ரெட்டையா வெச்சு தெச்ச மெத்தை விரிப்பு கொழந்தைங்களுக்கு ஆச்சு, எங்க குழுவுல மெசின் வெச்சிருக்கற ரெண்டு பேரு தெச்சுக் குடுத்தாங்க.

வாய்க்கா, பள்ளம் தூர் எடுக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை, சுருக்கமா சொல்லிர்றேன். ஒரு ஏக்கருல 10 சென்டிமீட்டர் மழை பேஞ்சா அது 4 லட்சம் லிட்டர் தண்ணி, அதுக்கு போக ஒரு வழி வேணும், அவ்வளவுதான். 2011 நவம்பர்ல திருப்பூர்ல ஜம்மனை பள்ளத்து ஓரத்துல வீடுங்கள தண்ணி அடிச்சுட்டு போனது பள்ளம் சுருங்கிக் கெடந்ததாலதான் அவ்வளவு மோசமாச்சு. இட்டேரி ஓரத்துல கொட்டுன கட்டட வேஸ்ட்டு, குழாய்ப்பாலத்துக்கு அடில சிக்குன தென்னமட்டை, டயர், இத எடுக்கறதுக்கு பஞ்சாயத்து ஜேசிபி வர்றவரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனா பள்ளத்துல தண்ணி வந்த பின்னாடி அடைப்ப எடுக்கறேன்னு யாரும் எறங்கக் கூடாது. அரை அடி தண்ணி வேகமா ஓடுனா ஆள சாய்ச்சிரும், ரெண்டடி ஓடுனா காரே மெதக்கும். தரைப்பாலத்துக்கு ரெண்டு பக்கமும் கயிறு கட்டறதுக்கு இளவட்ட பசங்க நாலு பேரு பேரு குடுத்திருக்காங்க, பைக்குல வர்றவங்ககிட்ட திட்டு வாங்கறதுக்கும் தயார்னு சொன்னாங்க, நல்ல பசங்க.

ஆத்துப்பக்கம் இருக்கறவங்களுக்கு பில்லூர் அணைதான் கணக்கு. மொத்தம் 100 அடி, 97 அடிய தொட்டா உபரித் தண்ணி தெறந்துருவாங்க. மேல அவலாஞ்சி, அப்பர்பவானி, குந்தா பக்கம் கொட்டுனா பில்லூருக்கு வர்றதுக்கு நெறைய நேரம் ஆகாது. இங்க வானம் தெளிவா இருக்கறப்பவே ஆத்துல தண்ணி ஏறும், இத வெளியூர்க்காரங்களுக்கு புரிய வெக்கறது நெம்ப கஷ்டம். கார்த்திகை, மார்கழில சபரிமலைக்கு போற சாமிங்க வண்டி வண்டியா வந்து வனபத்ரகாளியம்மன் கோயில் பக்கம் பவானில எறங்கி குளிப்பாங்க, குளிச்சுட்டு இருக்கறப்பவே தண்ணி மட்டம் ஏறிரும். பாத்தா சொல்லுங்க, சத்தம் போட்டே சொல்லுங்க, சாமி கோவிச்சுக்க மாட்டாரு.

வானிலை அறிவிப்புல மஞ்ச, ஆரஞ்சு, சிவப்புன்னு வர்றத கலரா மட்டும் பாக்காம அளவா பாருங்க. கனமழைன்னா 24 மணி நேரத்துல 7ல இருந்து 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12ல இருந்து 20, அதுக்கு மேல அதிகனமழை. எங்க ஊருக்கு நாங்க ஒரு கோடு போட்டு வெச்சிருக்கோம், மிக கனமழைன்னு கோயமுத்தூருக்கோ நீலகிரிக்கோ வந்தா அன்னிக்கு பொழுது எறங்கறதுக்குள்ள பள்ளத்தோரத்து வீடும் சுவத்தோரத்து வீடும் காலி. மழை வந்த பின்னாடி யோசிக்கலாம்னு இல்லை. மூணு தடவை காலி பண்ணி மழை வரலைன்னாலும் நாலாவது தடவையும் போகோணும், அதுக்கு மூஞ்சி சுளிக்காம சோறு ஆக்கறது மேல்வீதிக்காரங்க பொறுப்புன்னு கூட்டத்துல பேசி ஒத்துக்கிட்டாங்க. வாட்சப்புல வர்ற பழைய வெள்ள வீடியோவ யாரும் தாட்டக் கூடாது, மாவட்ட கண்ட்ரோல் ரூம் 1077க்கு கூப்பிட்டு கேட்டுட்டு குரூப்ல போடறதுக்கு ரெண்டு பேர மட்டும் வெச்சிருக்கோம்.

ஆடு மாட்ட விட்டுட்டு யாரும் வர மாட்டாங்க, அத புரிஞ்சுக்காம அதிகாரிங்க திட்டறதுல பிரயோசனம் இல்லை. மாடுன்னா அந்த வீட்டு வருசத்து வருமானம். அதனால ஆளுக்கு எடம் பாத்த மாதிரி மாட்டுக்கும் மேட்டுல ஒரு களம் பாத்து, தார்ப்பாய்க்கு கொம்பு நட்டு, ரெண்டு நாளைக்கு சோளத்தட்டு முன்னாடியே கொண்டு போயி போட்டு வெச்சிருக்கோம். குட்டி போட்டு பத்து நாளு ஆகாத ஆட்டுக்குட்டிங்க குளுருலயும் ஈரத்துலயும் சீக்கிரம் போயிரும், அதுங்கள சாக்குல சுத்தி கூடையில போட்டு ஆளோட சேத்தே கொண்டு வரலாம். ஓட முடியாம தண்ணி வந்துருச்சுன்னா கட்டுத்தரைல கட்டி வெக்காம அவுத்து விட்டுருங்க, மாடு நீந்தும்.

சிறுமுகை பக்கம் தறிக்காரங்களுக்கு ஒரு விசயம். குழித்தறில தண்ணி மேல இருந்து வர்றத விட கீழ இருந்து ஊறறதுதான் எச்சு. பாவு ஏத்துன தறிய ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா பட்டு நூலு, ஜரிகை, கூலிக்கு குடுத்த சீலை இத அட்டாலிக்கு ஏத்திருங்க, குழிக்குள்ள போற ஒயர கழட்டிருங்க. தண்ணி உள்ள வரும்னு தெரிஞ்சா கை காஞ்சிருக்கறப்பவே மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிரோணும்.

மழை விட்ட பின்னாடி மூணு வேலை. வெள்ளத்தண்ணி எறங்குன கெணத்த எறைச்சு பிளீச்சிங் பவுடர் போடாம குடிக்கக் கூடாது, அளவு சுகாதார ஆய்வாளர்கிட்ட கேட்டுக்கங்க. சேத்துல வெறுங்கால்ல நடந்தவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்ணு செவப்பும் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், கடைல மாத்திரை வாங்கி முழுங்காம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க. மூணாவது, மழை நின்ன அன்னிக்கே சுவத்தோரத்துக்கு திரும்பிப் போயி படுக்காதீங்க, குளுருல மண்ணு காயாதுன்னு மேலயே சொன்னேன், சுவரு மழைக்கு அப்பறமும் சாயும். ரெண்டு நாளு வெயில் அடிச்சு, ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு போங்க.

எங்க ஊருல இன்னும் பாக்கி இருக்கற வேலை ரெண்டு. வயிறு தள்ளுன சுவரு ஒண்ணுக்கு எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கியாச்சு, ஆளு வந்து பாக்கலை, திங்கக்கெழமை மறுபடியும் போறோம், இந்த தடவை சுவத்தோரத்துல குடியிருக்கற அக்காமாரும் வர்றாங்க. இன்னொண்ணு நோட்டுல நாலு பேருக்கு நேரா இன்னும் ரெண்டாவது பேரு எழுதலை, ஞாயித்துக்கெழமை பள்ளம் சுத்தம் பண்ண வர்றவங்ககிட்ட கேட்டு எழுதிரோணும். காரமடை, சிறுமுகை, அன்னூர் பக்கம் யாராவது இத படிச்சுட்டு உங்க ஊருல நோட்டு போடறீங்கன்னா எங்க நோட்டு பக்கத்த போட்டோ எடுத்து தர்றேன், பேரெல்லாம் மறைச்சுட்டு கட்டம் மட்டும், அதையே பாத்து போட்டுக்கங்க.